ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா, நேரே கம்பெனியா? கும்மிடிப்பூண்டி – தடா பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த வாரமே கவரைப்பேட்டையிலிருந்து சூளூர்பேட்டை வரை சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஏறிவிடும். ஆண், பெண் இருபாலரும் தேவை, தங்குமிடம் இலவசம், உடனே ஜாயினிங். அதே வாரம் பாலிடெக்னிக் ஏஜென்ட் வீடு தேடி வருவார். ஐ.டி.ஐ. பற்றிச் சொல்ல மட்டும் யாரும் வரமாட்டார்கள். அதில் கமிஷன் இல்லை.

இந்த வட்டாரத்தில் வேலைக்குப் பஞ்சம் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஃபர்னஸ்களும் ரோலிங் மில்களும், தேர்வாய் கண்டிகையில் மிஷலின் டயர் ஆலை. ஆந்திர எல்லை தாண்டினால் 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி. அங்கே மெட்ரோ ரயில் பெட்டி செய்யும் ஆல்ஸ்டாம், வண்டி செய்யும் இசுசு, ஏ.சி. செய்யும் டைகின், புளூ ஸ்டார், சாக்லேட்டுக்கு மாண்டலீஸ், பற்பசைக்குக் கோல்கேட். தெற்கே அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களும் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளமும். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ரயில் பாஸ் ஒன்று இருந்தால் இதில் பாதி இடத்துக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆகவே வேலை கிடைக்குமா என்று கேட்டுப் பயனில்லை, எப்படியும் கிடைக்கும். மூன்றாம் வருட முடிவில் கையில் என்ன சான்று இருக்கும், அதைக் காட்டினால் எந்த கேட் திறக்கும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நேரே கம்பெனிக்குப் போவது

இதன் பெரிய பலம் முதல் மாதமே சம்பளம். வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கும்போது வேறு வழியைப் பற்றிப் பேசுவதே வீண். ஆனால் எந்தப் பெயரில் உள்ளே போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நான்கு பேர் நான்கு விதமாக இருப்பார்கள். ஒருவர் கம்பெனி நிரந்தரம். ஒருவர் கம்பெனியே குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்தவர். ஒருவர் மேன்பவர் ஏஜென்சி அனுப்பிய கான்ட்ராக்ட் ஆள். ஒருவர் அப்ரெண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர். சட்டை ஒரே நிறம்தான். ஐ.டி. கார்டில் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ஏஜென்சி பெயரைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கான்ட்ராக்ட்டில் போனால் முதல் சம்பளச் சீட்டை உட்கார்ந்து படியுங்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பி.எஃப். 12 சதவீதம் 1,440 ரூபாய், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 90 ரூபாய். இரண்டும் பிடித்தது சரி. அதற்கு ஈடாக முதலாளி பங்கும் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதை மத்திய அரசின் உமாங் செயலியில் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைப் போட்டுப் பாருங்கள். அடிக்கடி நடக்கும் கோளாறு இரண்டு. ஏஜென்சி மாறும்போதெல்லாம் புது யு.ஏ.என். உருவாக்கிவிடுவார்கள்; நாலு வருடத்தில் நாலு கணக்கு, எதிலும் தொடர்ச்சி இருக்காது. அல்லது ஆதாரில் இருக்கும் பெயரும் கணக்கில் இருக்கும் பெயரும் ஓர் எழுத்து மாறியிருக்கும். தமிழில் 'சண்முகம்' ஒன்றுதான், ஆங்கிலத்தில் அதை மூன்று விதமாக எழுதலாம். ஆந்திரத்தில் பள்ளிச் சான்று வாங்கிய பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர் முன்னால் நிற்பதால் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ஆதாரை பத்தாம் வகுப்புச் சான்றோடு ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்வது நல்லது.

சாப்பாடு, தங்குமிடம் இலவசம் என்ற வாக்கைச் சம்பளச் சீட்டின் பிடித்தம் பகுதியோடு ஒப்பிட வேண்டும். 12 மணி நேர ஷிஃப்ட் என்றால் அன்றாட வேலைநேர வரம்புக்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். ஒற்றைச் சம்பளமாகப் போட்டு 'அட்டெண்டன்ஸ் போனஸ்' என்று பேர் மாற்றிக் கொடுத்தால் அது ஏமாற்று. ஒரு நாள் லீவு போட்டால் அந்த போனஸ் மொத்தமும் போய்விடும்.

இந்த வழியின் உண்மையான பலவீனம் சம்பளத்தில் இல்லை, செய்யும் வேலையில்தான். அசெம்பிளி லைனில் மூன்று வருடம் ஒரே நான்கு ஸ்க்ரூ முறுக்கியவருக்கு வெளியே சொல்லிக்கொள்ளத் தொழில் ஒன்றும் கைவசம் இருக்காது. அதே கம்பெனியில் மோல்டிங், பிரேசிங், மெயின்டெனன்ஸ், குவாலிட்டி பகுதிகளில் இருந்தவருக்கு இருக்கும். போயே ஆக வேண்டும் என்றால் 50, 100 ரூபாய் குறைந்தாலும் இந்தப் பகுதிகளைக் கேட்டு வாங்குங்கள்.

ஐ.டி.ஐ.

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட், ரெஃப்ரிஜிரேஷன் ஏ.சி. டெக்னீஷியன் எல்லாம் 2 வருடம், பத்தாவது தேறியிருக்க வேண்டும். வெல்டர் 1 வருடம். அதற்கும் வயர்மேனுக்கும் எட்டாவது போதும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, ஷூ, சைக்கிள், பஸ் பாஸ் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. வருகைப்பதிவு குறைந்தால் உதவித்தொகை நிற்கும், தேர்வெழுதவும் விடமாட்டார்கள்.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியது கட்டடத்தையும் பஸ்ஸையும் அல்ல. அந்தத் தொழிற்பிரிவுக்கு மத்திய அரசின் என்.சி.வி.டி. அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். சில தனியார் நிலையங்களில் ஃபிட்டருக்கு அங்கீகாரம் இருக்கும், எலக்ட்ரீஷியனுக்கு இருக்காது. ஒரே பிரிவிலேயே ஒரு யூனிட்டுக்கு இருந்து கூடுதல் யூனிட்டுக்கு இல்லாமலும் போகும். என்.சி.வி.டி. கொடுக்கும் தேசியத் தொழிற்சான்று எல்லைக்கு இருபுறமும், ரயில்வேயிலும், இஸ்ரோவிலும் ஒரே மாதிரி செல்லும். எஸ்.சி.வி.டி. என்பது மாநிலச் சான்று. எல்லையோரம் வாழ்பவர் மாநிலச் சான்றோடு நின்றுவிட்டால் பாதி வேலைகளுக்கு வாசலிலேயே பதில் சொல்ல வேண்டிவரும்.

இரண்டு வருடத்தில் என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பாலிடெக்னிக் பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. ஃபிட்டர் பிரிவில் மைல்டு ஸ்டீல் துண்டு இரண்டை அரத்தால் அராவி, ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காரும்படி 0.04 மில்லிமீட்டர் விலகலுக்குள் கொண்டுவர வேண்டும். அரத்தைத் தள்ளும்போது இரண்டு கையின் அழுத்தமும் சமமாக மாறாவிட்டால் நடுவில் மேடு விழும். ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த மேட்டின் இருபுறமும் வெளிச்சம் கசிவது தெரியும். அந்தக் கண் ஒருமுறை வந்துவிட்டால் சி.என்.சி. மெஷினில் வெளிவரும் பாகத்தில் எங்கே குறை என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். கல்லூரி லேபில் வாரம் மூன்று மணி நேரத்தில் இது வராது.

எலக்ட்ரீஷியன் நேர்முகத்தில் பெரும்பாலும் கேட்பது மோட்டாரை நேரே லைனில் தொடங்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் இணைப்பு. ஸ்டாப் பட்டன் சாதாரணமாக மூடியிருக்கும் கான்டாக்ட், தொடரில் வர வேண்டும். ஸ்டார்ட் பட்டன் திறந்திருக்கும் கான்டாக்ட். கான்டாக்டரின் துணைக் கான்டாக்ட்டை ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்க இணைப்பாகக் கொடுக்க மறந்தால், பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மோட்டார் ஓடும், விரலை எடுத்ததும் நின்றுவிடும். அடுத்த கேள்வி ஸ்டார்-டெல்டா. ஸ்டாரில் தொடங்கும்போது லைன் கரன்ட் நேரடி டெல்டாவில் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஸ்டார், டெல்டா கான்டாக்டர் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறாமல் இன்டர்லாக் போட வேண்டும். போடாவிட்டால் மூன்று ஃபேஸும் நேருக்கு நேர் ஷார்ட் ஆகும். இந்த இரண்டையும் தடுமாறாமல் வரைந்து காட்டுபவரைப் பெரும்பாலும் மார்க்ஷீட் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள்.

எந்தத் தொழில் என்பதை ஊரைப் பார்த்து எடுக்க வேண்டும். ரோலிங் மில், ஃபர்னஸ் பக்கம் எலக்ட்ரீஷியனுக்கும் ஃபிட்டருக்கும் எப்போதும் தேவை. உருக்கும் வேலைக்கு வடநாட்டு ஆட்கள் வந்துவிட்டாலும் பிரேக்டவுன் ஆனால் ஓடிப்போய்ப் பார்க்க உள்ளூர் ஆள் வேண்டும். ஸ்ரீசிட்டி ஏ.சி. ஆலைகளை மனதில் வைத்தால் ரெஃப்ரிஜிரேஷன் பிரிவு. அங்கே செப்புக் குழாய்களைக் கம்பி உருக்கி ஒட்டும் பிரேசிங்தான் உயிர்நாடி. செம்போடு செம்பு என்றால் பாஸ்பரஸ் கலந்த கம்பி போதும், ஃப்ளக்ஸ் வேண்டாம். செம்போடு பித்தளை என்றால் ஃப்ளக்ஸ் கட்டாயம். பிரேசிங் செய்யும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட வேண்டும். விட்டுவிட்டால் உள்சுவரில் கறுப்புச் செதில் படியும், அது பிறகு கேப்பிலரி என்ற மெல்லிய குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். மெஷின் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் கழித்துக் குளிராமல் நிற்கும். இப்போது ஏ.சி.யில் பரவலாக வரும் ஆர்-32 வாயு லேசாகத் தீப்பற்றும் வகை என்பதால், கசிவு பார்க்கத் தெரிந்த ஆளுக்குத் தனி மதிப்பு.

காட்டுப்பள்ளிப் பக்கம் போக வேண்டுமானால் வெல்டர். ஆனால் ஒரு வருட ஐ.டி.ஐ. வெல்டர் சான்று அங்கே நுழைவுச் சீட்டு மட்டும்தான். பிளேட்டில் 3ஜி, குழாயில் 6ஜி டெஸ்ட் அடித்துக் காட்ட வேண்டும். 6ஜி என்றால் குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பிடித்துவைத்துவிடுவார்கள், நாம்தான் சுற்றிவந்து அடிக்க வேண்டும். அடியில் போகும் முதல் அடுக்கான ரூட் டிக் (TIG) வெல்டிங்கில், மேலே 7018 ராடில். தோற்பவர்களில் பலர் கை நடுங்கித் தோற்பதில்லை. 7018 ராடை 300 முதல் 350 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சுடவைத்து எடுக்காமல், ஈரம் குடித்த ராடில் அடித்து, எக்ஸ்-ரேயில் பொடிப் பொடியாகத் துளை காட்டித்தான் தோற்கிறார்கள்.

அப்ரெண்டிஸ் வருடம்

ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். தேசியத் தொழிற்சான்று கையில் வந்ததும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு வருடம் அப்ரெண்டிஸ் முடித்து, அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி, தேசியத் தொழிற்பழகுநர் சான்று வாங்கியவருக்குத் திறக்கும் கதவுகள் வேறு. ரயில்வேயிலேயே அப்ரெண்டிஸ் முடித்தவர்களுக்கு அதன் லெவல் 1 வேலைகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு.

30 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ் எடுத்தாக வேண்டும். ஆகவே நாமாகப் போய் எச்.ஆரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம், அவர்களுக்கும் கணக்குக் காட்ட ஆள் வேண்டும். 2019 விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6,000, ஐ.டி.ஐ.க்கு 7,000, டிப்ளமாவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். இதைக் கூட்ட வேண்டும் என்று 2025 மே மாதம் மத்தியப் பழகுநர் கவுன்சில் பரிந்துரைத்தது. பல கம்பெனிகள் இதற்கு மேலும் கொடுக்கின்றன. மத்திய அரசு தன் பங்காக 1,500 ரூபாய் வரை பழகுநரின் வங்கிக் கணக்கில் நேரே போடுகிறது. கம்பெனிப் பணம் வந்து அரசுப் பணம் வராவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கணக்கு ஆதாரோடு இணைந்திருக்காது.

உள்ளே போகுமுன் கேட்க வேண்டியவை உண்டு. அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் ஒப்பந்தம் பதிவாகி அதற்கு எண் கொடுத்தார்களா? தொழிற்பிரிவு அரசு அறிவித்த 'டெசிக்னேட்டட் டிரேடா', கம்பெனி தானே வகுத்துக்கொண்ட 'ஆப்ஷனல் டிரேடா'? ஃபிட்டர் ஐ.டி.ஐ. முடித்தவரை 'அசெம்பிளி ஆபரேட்டர்' என்ற ஆப்ஷனல் பிரிவில் பதிந்துவிட்டால் வருடம் முடிந்து ஒரு சான்று வரும். ரயில்வே கேட்பது அதுவாக இருக்காது. வெறும் 'ட்ரெய்னி' என்று மட்டும் ஆர்டரில் எழுதியிருந்தால் அது அப்ரெண்டிஸ் சட்டத்தில் வரவே வராது.

சட்டப்படி அப்ரெண்டிஸ் பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்ல. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லை. காயம்பட்டால் இழப்பீடு மட்டும் உண்டு. அரசின் பழகுநர் ஆலோசகர் அனுமதியில்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லவும் கூடாது. முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டே அந்த ஒரு வருடத்துக்கு உட்கார வேண்டும்.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். ஆண்டுதோறும் அப்ரெண்டிஸ் எடுக்கிறது. ஐ.டி.ஐ. இல்லாமல் பத்தாவது முடித்தவரையும் எடுத்து ஃபிட்டர், எலக்ட்ரீஷியனுக்கு 2 வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். வயது 15 முதல் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 24 வரை, முடிக்காதவருக்கு 22 வரை; பத்தாவதில் 50 சதவீதம் வேண்டும். கும்மிடிப்பூண்டி லைன் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம். தேர்வு கிடையாது, மதிப்பெண் பட்டியல்தான். மதிப்பெண் நன்றாக இருந்தும் இதற்கு விண்ணப்பிக்காமல் தனியார் பாலிடெக்னிக்குக்குப் பணம் கட்டும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

பணத்தை மட்டும் கூட்டினால், அரசுப் பள்ளியிலிருந்து வந்து அரசு ஐ.டி.ஐ. 2 வருடமும் அப்ரெண்டிஸ் 1 வருடமும் முடித்தவர் கையில் மொத்தம் சுமார் 1,26,000 ரூபாய் சேரும். உதவித்தொகை 18,000, தமிழ்ப் புதல்வன் அல்லது புதுமைப் பெண் 24,000, அப்ரெண்டிஸ் 84,000. அதே மூன்று வருடம் கான்ட்ராக்ட்டில் நின்றவர் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பார்த்திருப்பார். பழகுநர் சான்றின் விலை அந்த வித்தியாசம்தான். அந்த விலையைக் குடும்பம் தாங்குமா என்பதை அப்பா அம்மா பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

பாலிடெக்னிக்

பத்தாவதுக்குப் பின் 3 வருடம். பன்னிரண்டாவது முடித்தவரும் 2 வருட ஐ.டி.ஐ. முடித்தவரும் நேரே இரண்டாம் வருடத்தில் சேரலாம், இதுதான் லேட்டரல் என்ட்ரி. சூப்பர்வைசர், குவாலிட்டி, பிளானிங், டிசைன் நாற்காலிகள் டிப்ளமாவிலிருந்துதான் ஆரம்பம். வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஸ்ரீஹரிகோட்டாவின் விளம்பரமே போதும். அங்கே ஐ.டி.ஐ.க்கு டெக்னீஷியன்-பி, தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700. முதல் வகுப்பில் தேறிய டிப்ளமாவுக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட், 44,900. இரண்டு மடங்குக்கு மேல். 'முதல் வகுப்பு' என்ற இரண்டு சொல்தான் பலரை வடிகட்டிவிடுகிறது.

டிப்ளமாவில் சறுக்குவது முதல் வருடக் கணக்கில்தான். பத்தாவதில் கணக்கில் 40, 45 எடுத்துத் தேறியவர், ஆங்கிலத்தில் நடத்தும் இன்ஜினியரிங் மேத்ஸில் முதல் செமஸ்டரே அரியர் வைப்பார். இரண்டாம் வருடத்துக்குள் அது ஐந்து, ஆறாகப் பெருகும். மூன்று வருடம் முடிந்து சான்றிதழ் கையில் இல்லாமல் 'டிப்ளமா டிஸ்கன்டினியூ' என்று கான்ட்ராக்ட் லைனில் நிற்பவர் நிலைமை பத்தாவதோடு நேரே வந்தவரைவிட மோசம், மூன்று வருடமும் பணமும் போய்விட்டது. அதனால் கணக்கு வராத பிள்ளையை பாலிடெக்னிக்கில் தள்ளாதீர்கள். ஐ.டி.ஐ. முடித்து, வொர்க்‌ஷாப் கணக்கு கையோடு பழகி, பிறகு லேட்டரல் என்ட்ரியில் வருபவர் நன்றாகவே கரையேறுகிறார்.

1916இல் தொடங்கி இப்போது சென்னை தரமணியில் இருக்கும் மத்திய பாலிடெக்னிக் போன்ற அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. தனியாரில் ஏஜென்ட் சொல்லும் தொகையோடு பஸ், ஹாஸ்டல், தேர்வு, 'பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்' என்று மேலும் ஏறும். பிளேஸ்மென்ட் நூறு சதவீதம் என்று போர்டு போட்டிருந்தால், போன வருடம் எடுத்த கம்பெனியின் ஆர்டர் நகல் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கம்பெனி பெயருக்குப் பதில் மேன்பவர் ஏஜென்சி பெயர் இருந்தால் அந்த வேலைக்குப் பத்தாவதோடு நேரே போயிருக்கலாம்.

டிப்ளமா முடித்தவருக்கும் ஒரு வருட அப்ரெண்டிஸ் உண்டு. அதை நடத்தும் பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் தரமணியில் இருக்கிறது, உதவித்தொகையில் பாதியை அரசு ஏற்கிறது. அனல்மின் நிலையம், துறைமுகம் போன்ற இடங்களில் பெயர் பதிய இதுதான் வழி.

பிளாஸ்டிக், டூல் ரூம்

இதைப் பற்றி இந்தப் பக்கம் பேசுபவர்கள் குறைவு, வாய்ப்போ அதிகம். கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் படிப்பு நிறுவனமான சிப்பெட் 1968 முதல் இருக்கிறது. பத்தாவதுக்குப் பின் 3 வருட டிப்ளமா இரண்டு: பிளாஸ்டிக் டெக்னாலஜி, பிளாஸ்டிக் மோல்ட் டெக்னாலஜி. நுழைவுத்தேர்வு உண்டு. ஸ்ரீசிட்டியில் ஏ.சி.யின் முகப்பு, டூத்பேஸ்ட் மூடி, காரின் டேஷ்போர்டு எல்லாமே இன்ஜெக்ஷன் மோல்டிங். மெஷின் ஆபரேட்டர் பட்டனை அழுத்துவார். கோளாறு வந்தால் அவர் கூப்பிடுவது புராசஸ் ஆளை. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் குருணையை 80 டிகிரியில் 2 முதல் 4 மணி நேரம் காயவைக்காமல் போட்டால் பாகத்தின் மேல் வெள்ளிக்கோடு விழும். பாகம் முழுதாக நிரம்பாவிட்டால் ஷாட் அளவு, உருகும் சூடு, காற்று வெளியேறும் வென்ட் அடைப்பு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஓரத்தில் பிசிறு நீட்டினால் கிளாம்ப் விசை போதவில்லை, இல்லையென்றால் மோல்டின் சேரும் முகம் தேய்ந்திருக்கிறது. இதைச் சொல்லத் தெரிந்தவரைக் கம்பெனி சுலபத்தில் விட்டுவிடாது. மோல்டையே செய்யத் தெரிந்த டூல் மேக்கர் அதற்கும் ஒருபடி மேல். கேரளத்தில் தலைச்சேரிப் பக்கம் நெட்டூரில் 1959இல் தொடங்கிய என்.டி.டி.எஃப். டூல் படிப்புக்குப் பேர்பெற்றது, கட்டணம் அதிகம்தான். ஒழுங்கு கடுமை, லீவு குறைவு. பாதியில் ஓடிவருபவர்களும் உண்டு.

எல்லைக்கு அந்தப்பக்கம், இந்தப்பக்கம்

1960 ஏப்ரலில் எல்லை மாறியபோது திருத்தணி இந்தப்பக்கமும் சத்தியவேடு அந்தப்பக்கமும் போனதிலிருந்து ஒரே குடும்பத்தில் பாதிப்பேர் தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் பாதிப்பேர் ஆந்திர ரேஷன் கார்டுமாக இருக்கிறார்கள். பெண் கொடுத்து எடுப்பதில் இது பெரிதில்லை, அட்மிஷனில் பெரிது.

தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் சேர்க்கை பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து. ஆந்திரத்தில் பாலிசெட் என்ற நுழைவுத்தேர்வு, கேள்வித்தாள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். சத்தியவேடு, நகரி பக்கம் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. கணக்கு, அறிவியல் சொற்களை ஆங்கிலத்தில் முன்கூட்டியே பழக்கிவிட வேண்டும். ஆந்திரத்தில் உள்ளூர்வாசி என்ற கணக்கில் முதலில் பார்ப்பது சொந்த ஊரை அல்ல. தகுதித்தேர்வு வரையிலான கடைசி 4 வருடம் தொடர்ச்சியாக எங்கே படித்தார் என்பதை. எட்டாவது வரை ஆந்திரத்தில் படித்து, ஒன்பது, பத்துக்காக மட்டும் ஊத்துக்கோட்டை மாமா வீட்டில் தங்கிப் படித்தவர் அங்கே உள்ளூர் ஒதுக்கீட்டை இழக்க நேரிடும். இங்கேயோ அரசுப் பள்ளி 1,000 ரூபாய்க்கு ஆறாவதிலிருந்து தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தவறிப்போகும் வயது பதின்மூன்று, பதினான்கு. பள்ளி மாற்றும்போதே இதை யோசிக்க வேண்டும்.

தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர் ஆட்களுக்கு என்று ஆந்திரம் 2019இல் சட்டம் இயற்றியது. லைன் வேலைக்கு ஆதார் முகவரி பார்க்கிறார்கள். தொழில் தெரிந்த ஆளுக்கு அந்தக் கெடுபிடி குறைவு. ஆரம்பாக்கத்திலிருந்தும் எளாவூரிலிருந்தும் பஸ் ஏறும் மெயின்டெனன்ஸ் ஆட்களே இதற்குச் சாட்சி. தெலுங்கு பேசத் தெரிந்தால் போதாது, ஷிஃப்ட் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதத் தெரிய வேண்டும். அதுதான் லைன் லீடர் ஆகும்போது தடுக்கும்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எலக்ட்ரானிக்ஸ் லைன்களில் பெண்களைத்தான் அதிகம் எடுக்கிறார்கள், ஹாஸ்டலும் பஸ்ஸும் தருகிறார்கள். ஆனால் அந்த லைனில் வளர்ச்சி குறுகியது. எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் பிரிவுகளில் அரசு ஐ.டி.ஐ. பெண் பயிற்சியாளர்கள் இன்னும் சொற்பம். குவாலிட்டி, மெஷின் ஷாப் பகுதிகளில் கம்பெனிகள் தேடி எடுக்கும் நிலைமை. அம்பத்தூரில் பெண்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ. உண்டு.

எங்கள் முடிவை மறைக்கத் தேவையில்லை. கணக்கில் 75க்கு மேல் எடுக்கும் பிள்ளை அரசு பாலிடெக்னிக்குக்கோ சிப்பெட்டுக்கோ போகட்டும். மற்றவர்களுக்கு அரசு ஐ.டி.ஐ.யில் 2 வருடத் தொழில், பின் டெசிக்னேட்டட் டிரேடில் அப்ரெண்டிஸ், வேண்டுமானால் பிறகு லேட்டரல் டிப்ளமா. பன்னிரண்டாவது இல்லை என்ற குறையும் வேண்டாம். பத்தாவதுக்குப் பின் 2 வருட ஐ.டி.ஐ. முடித்தவர் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாள் மட்டும் எழுதி பன்னிரண்டாம் வகுப்புக்கு இணைச்சான்று வாங்கலாம். கட்டாயம் தவிர்க்க வேண்டியது கடை மாடியில் நடக்கும் ஆறு மாத 'ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமா'. தொழிற்சாலைகளுக்கான சட்டம் கேட்கும் பாதுகாப்பு அதிகாரித் தகுதி அதில் வராது.

ஏற்கெனவே கான்ட்ராக்ட்டில் இரண்டு மூன்று வருடம் நின்றுவிட்டவருக்கும் வழி மூடிவிடவில்லை. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. வேலையை விட முடியாதவர், 21 வயது நிரம்பி அந்தத் தொழிலில் 3 வருட அனுபவம் காட்டினால் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம். வயரிங்கில் 5 வருடம் பழகியவருக்கு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு தனியாக இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அனுபவச் சான்று தேவை. ஏஜென்சிகள் வழக்கமாகக் கொடுப்பது 'எங்களிடம் பணிபுரிந்தார், நடத்தை நன்று' என்ற ஒரு வரிக் கடிதம். அது செல்லாது. எந்தப் பகுதி, எந்த மெஷின், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பி.எஃப். எண் எது என்று எழுதி, கம்பெனியின் முத்திரையும் சேர்ந்து வர வேண்டும். ஏஜென்சி மாறுவதற்கு முன்பே, கடைசி மாதச் சம்பளம் அவர்கள் கையில் இருக்கும்போதில்லாமல் நல்லுறவு இருக்கும்போதே, அதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.